மருந்துக்கு அடங்காத செல்லும் மலையேறி வராத மாத்திரையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீவிர ரத்தப் புற்றுநோயில் மருந்துக்குக் கட்டுப்படாத செல்களை வெல்வதற்குப் புதிய மருந்துகள் வந்துகொண்டிருப்பதைப் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். சேலம் மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது ஏற்காட்டில் வசித்து வருகிறேன். கட்டுரையில் பிழை ஏதும் இல்லை. ஆனால் நோய் மீண்டு வந்த ஒவ்வொரு குழந்தையையும் 'மருந்து எதிர்ப்பு' என்ற ஒரே சொல்லால் அது அடக்கிவிடுகிறது. மருந்து செல்லுக்குள் போய்த் தோற்றதா, அல்லது செல்லைச் சென்று சேரவே இல்லையா என்ற கேள்வியைக் கேட்காமல் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்பது என் கருத்து. அதை விளக்கவே இந்தக் கடிதத்தைச் சற்று நீளமாக எழுதுகிறேன்.

மருந்து எதிர்ப்பு என்றதும் நோயாளியின் உடல் மருந்துக்குப் பழகிவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். பழகுவது உடல் அன்று. லுக்கீமியா எனப்படும் இந்தத் தீவிர ரத்தப் புற்றுநோய் கண்டறியப்படும் நேரத்தில் ஒரு குழந்தையின் உடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி புற்றுச் செல்கள் இருக்கும். முதல் மாத சிகிச்சை முடிந்து, எலும்பு மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்த்து, புற்றுச் செல்கள் 5 சதவீதத்திற்கும் குறைவு என்று மருத்துவர் மகிழ்ச்சியோடு சொல்லும் நாளிலும் ஆயிரம் கோடி செல்கள் வரை மறைந்திருக்கக்கூடும். அவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. ஒவ்வொரு முறை பெருகும்போதும் மரபணுவில் சிறு பிழைகள் நேர்கின்றன. அந்தப் பிழைகளில் ஏதோ ஒன்று தற்செயலாக ஒரு மருந்தைச் செயலிழக்கச் செய்வதாக அமைந்துவிட்டால், மற்றவை மடிய அந்தச் செல் மட்டும் பிழைத்து, காலியான இடத்தில் தன் சந்ததியைப் பரப்புகிறது. களைக்கொல்லி தெளித்த வயலில் தப்பிய ஒரு புல் அடுத்த பருவத்தில் வயல் முழுவதும் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

இந்தச் சிக்கல் இந்நோய்க்கான முதல் மருந்தோடு பிறந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த அமினோப்டெரின் என்ற மருந்தைப் பாஸ்டன் நகரின் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். அவர்களில் 10 பேர் தேறினார்கள் என்ற செய்தி 1948ஆம் ஆண்டு வெளியானது. அதற்கு முன் இந்த நோயில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பியது. திரும்பியபின் அதே மருந்து வேலை செய்யவில்லை. அதே ஆண்டில் சுப்பாராவும் காலமானார். அவர் பெயரைச் சென்னையிலேயே எத்தனை பேர் அறிவார்கள் என்பது வேறு வருத்தம்.

ஒரு மருந்தால் முடியாததைப் பல மருந்துகள் ஒன்றுசேர்ந்து செய்தன. காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி தப்புவதில்லை என்ற அனுபவம் அப்போது கையில் இருந்தது. 1960களில் அமெரிக்க மருத்துவர்களான எமில் ஃப்ரை, எமில் ஃப்ரைரைக் ஆகியோர் வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்சேட், மெர்காப்டோப்யூரின், பிரட்னிசோன் ஆகிய நான்கையும் ஒருசேரக் கொடுத்தார்கள். ஒரு மருந்திலிருந்து தப்பும் செல் மற்றொன்றிலிருந்தும் தப்புவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்பதே கணக்கு. இந்த நான்கில் வின்கிரிஸ்டின், நம் ஊர் வாசல்களில் தண்ணீர் ஊற்றாமலேயே பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. அதன்பிறகும் சில குழந்தைகளுக்கு நோய் மூளையுறையில் திரும்பியது. ரத்தத்தில் ஓடும் மருந்து அங்கே போதிய அளவு நுழைவதில்லை. அமெரிக்க மருத்துவர் டொனால்ட் பிங்கல் தலைக்குக் கதிர்வீச்சும் தண்டுவட நீருக்குள் மருந்தும் கொடுத்து அந்த மறைவிடத்தை அடைத்த பிறகுதான், 1960களின் இறுதியில், பாதிப் பிள்ளைகளையாவது முழுமையாகக் காப்பாற்ற முடியும் என்ற நிலை வந்தது. மூளையுறையில் திரும்பிய நோய் மருந்தை எதிர்த்ததா? இல்லை. மருந்து அங்கே போகவில்லை. நான் சொல்ல வருவதற்கு இதுவே முதல் சான்று.

உண்மையான எதிர்ப்பு இல்லாமல் இல்லை. மெர்காப்டோப்யூரினை எடுத்துக்கொள்வோம். விழுங்கிய மாத்திரை அப்படியே செல்லைக் கொல்வதில்லை. செல்லுக்குள் அது வேறு பொருளாக மாறிய பிறகுதான் நஞ்சாகிறது. என்டி5சி2 என்ற நொதியின் மரபணுவில் ஏற்படும் சில மாற்றங்கள் அந்த நச்சுப் பொருளை வேலை செய்யவிடாமல் கழித்துவிடுகின்றன என்பது, நோய் மீண்ட குழந்தைகளின் செல்களை ஆராய்ந்ததில் 2013ஆம் ஆண்டு தெரியவந்தது. பிறகு நடந்த ஆய்வு இதைவிடச் சுவையானது: அந்த மாற்றத்தைப் பெற்ற செல், மருந்து இல்லாத சூழலில் மற்ற செல்களைவிட மெதுவாகவே வளர்கிறது, தன் உயிருக்குத் தேவையான பொருளையும் அது சேர்த்துக் கழித்துவிடுகிறது. தற்காப்புக்காகக் கொடுத்த அந்த விலையே அதன் பலவீனம் ஆகிறது. அந்தப் பலவீனத்தைத் தாக்கும் வேறு மருந்தைத் தேட முடிகிறது. எதிர்ப்பை வெல்வது என்று ஆய்வாளர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த வகையான தேடலைத்தான். எல்லாத் தேடலும் பலித்ததில்லை. உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற புரதத்தை 1976ஆம் ஆண்டிலேயே அடையாளம் கண்டார்கள். அந்த இறைப்பை அடைத்துவிட்டால் போதும் என்று பல ஆண்டுகள் முயன்றும், பெரியவர்களின் மைலாய்டு வகை லுக்கீமியாவில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

இனி மலைக்கு வருகிறேன். சேர்வராயன் மலையின் ஒரு சிற்றூரில், காபித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் குடும்பத்துச் சிறுவன் ஒருவனுக்கு, குழந்தைகளுக்கு அதிகம் வரும் லிம்போபிளாஸ்டிக் வகை லுக்கீமியா. வெளியூர்ப் பெரிய மருத்துவமனை ஒன்றில் முதல் எட்டு மாதக் கடுமையான சிகிச்சையைத் தாங்கிக்கொண்டு ஊர் திரும்பினான். அதன்பின் தொடர் சிகிச்சை: மெர்காப்டோப்யூரின் நாள்தோறும், மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள், மொத்தச் சிகிச்சையும் முடிய இரண்டு, இரண்டரை ஆண்டுகள் ஆகும். வீட்டிலேயே மாத்திரை விழுங்கும் இந்தக் கட்டத்தை நம் மக்கள் சிகிச்சையாகவே கருதுவதில்லை. "பையன் நல்லா ஓடியாடறான், அய்யா, இன்னும் எதுக்கு இந்த மாத்திரை?" என்று அவன் தாய் என்னிடம் கேட்டார். கேட்டதில் தவறில்லை. முடி வளர்ந்துவிட்டது, சோறு உண்கிறான், பள்ளிக்கூடம் போகிறான். எஞ்சியிருக்கும் செல்கள் எந்தக் கண்ணுக்கும் தெரிவதில்லை.

ஒவ்வொரு முறை பரிசோதனைக்குப் போகும்போதும் மருந்தால் குறையவேண்டிய அவனுடைய வெள்ளணு எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது. மருந்து போதவில்லை, இவன் உடல் மருந்தை விரைவாகக் கழித்துவிடுகிறது என்று மருத்துவர்கள் கருதி அளவைக் கூட்டினார்கள். அவர்கள் முன்னால் இருந்த தாளில் இருந்தது அவ்வளவுதான். காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் தாயும் தந்தையும் விடிவதற்குள் தோட்டத்துக்குப் போய்விட, பாட்டி பொறுப்பை ஏற்று ஒரு நாள் தவறாமல் மாத்திரையைக் கொடுத்தார். கூட்டிய அளவு முழுமையாக உள்ளே போனதும் எண்ணிக்கை சரிந்து, காய்ச்சல் வந்து, இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தான். அந்த இரண்டு வாரமும் மாத்திரையை நிறுத்த வேண்டியதாயிற்று. அவன் வீட்டிலிருந்த காலி அட்டைகளை எண்ணிப் பார்த்தபோதுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது. முந்தைய மாதங்களில் வாரத்திற்கு நான்கு, ஐந்து நாள் மாத்திரைதான் போயிருக்கிறது.

அவனுக்கு நோய் திரும்பவில்லை. இப்போது ஏழாம் வகுப்பு படிக்கிறான். ஆனால் திரும்பியிருந்தால் கோப்பில் என்ன எழுதப்பட்டிருக்கும்? 'அளவைக் கூட்டியும் கட்டுப்படவில்லை' என்றுதான். அமெரிக்காவில் மாத்திரைக் குப்பியின் மூடியிலேயே மின்னணுக் கருவி பொருத்தி, திறந்த நாட்களைப் பதிவுசெய்து நடத்திய ஆய்வின் முடிவு 2012ஆம் ஆண்டு வெளியானது. 100 நாட்களில் 95 நாளுக்குக் குறைவாக மெர்காப்டோப்யூரின் எடுத்துக்கொண்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து பன்மடங்காக இருந்தது. மாதத்தில் இரண்டு நாள் தவறினாலே அந்த எல்லைக்கு வெளியே போய்விடுகிறோம். 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, சேலத்தில் ரயில் ஏறிக் காட்பாடி வழியாக வேலூருக்கோ சென்னைக்கோ போய் அடுத்த மாத மாத்திரையை வாங்கி வரவேண்டிய குடும்பத்திற்கு இரண்டு நாள் என்பது ஒரு மழையில் போய்விடும்.

மாத்திரை தவறுவதற்கு நம் தொழிலும் ஒரு காரணம். மெர்காப்டோப்யூரினை வெறும் வயிற்றில், பாலின்றி, இரவில் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று நாங்கள் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பிய காலம் உண்டு. சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போன பிள்ளைக்கு அன்றைய மாத்திரை இல்லை என்று தாய்மார்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். உணவோடு கொடுப்பதும் பாலோடு கொடுப்பதும் நோய் மீள்வதைக் கூட்டவில்லை, நாள்தோறும் கொடுப்பதே முக்கியம் என்று பின்வந்த ஆய்வு காட்டியது. மற்றொரு குழப்பம் இதைவிடக் கொடியது: மெத்தோட்ரெக்சேட் வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே. அதை நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. இரண்டு மாத்திரையும் ஒரே உறையில் போட்டுக் கொடுக்கப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். அளவு விஷயத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நம் ஆசிய மக்களில் கணிசமானவர்களுக்கு என்யுடிடி15 என்ற மரபணுவில் இருக்கும் ஒரு மாற்றத்தால் மெர்காப்டோப்யூரின் வழக்கமான அளவிலேயே தாங்காமல் வெள்ளணுக்கள் சரிந்துவிடும். அதை முன்கூட்டியே ஒரு ரத்தப் பரிசோதனையில் அறிந்து அளவைக் குறைத்துத் தொடங்கினால், இடையில் நிறுத்தவேண்டிய நாட்களும் குறையும்.

வீட்டில் தவறுவது ஒன்று. குப்பிக்குள்ளேயே தவறுவது மற்றொன்று. எல்-அஸ்பராஜினேஸ் என்ற ஊசி மருந்து இந்தச் சிகிச்சையின் முதுகெலும்பு. அஸ்பராஜின் என்ற பொருளை நம் இயல்பான செல்கள் தாமே செய்துகொள்ளும். லுக்கீமியாச் செல்லுக்கு அந்தத் திறன் குறைவு. ரத்தத்தில் இருப்பதை இந்த மருந்து அழித்துவிட, அது பட்டினியால் சாகிறது. மருந்து ஒரு கிருமியின் புரதம் என்பதால் சில குழந்தைகளின் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உருவாக்கும். தடிப்பு, மூச்சுத் திணறல் என்று வெளியே தெரிந்தால் மருந்தை மாற்றிவிடலாம். ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே மருந்து முறிந்துபோவதும் உண்டு. ஊசி போடப்படுகிறது, கோப்பில் குறிக்கப்படுகிறது, பலன் சுழி. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 0.1 அலகு செயல்திறனாவது இருக்கிறதா என்று அளந்தால் இது பிடிபட்டுவிடும். தரம் குறைந்த மருந்தும் அதே அளவையில் பிடிபடும். 2017ஆம் ஆண்டு பிரேசில் அரசு குறைந்த விலைக்கு இறக்குமதி செய்த அஸ்பராஜினேசைக் காம்பினாஸ் நகரின் குழந்தைப் புற்றுநோய் மையம் சோதித்துப் பார்த்து, அதில் வேண்டாத கிருமிப் புரதங்கள் கலந்திருப்பதை வெளிப்படுத்தியது. பலவகை அஸ்பராஜினேஸ் விற்கப்படும் நம் நாட்டில், மருந்தின் பெயரை மட்டும் பார்த்து வாங்கும் வழக்கம் போதாது.

பெரியவர்களுக்கு வரும் மைலாய்டு வகையில் நிலைமை கடினமானது. அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். செல் சாகாமல் பிடித்துவைத்திருக்கும் பிசிஎல்-2 என்ற புரதத்தை முடக்கும் வெனிடோகிளாக்ஸ் மாத்திரையை அசாசிடிடின் என்ற ஊசி மருந்துடன் சேர்த்துக் கொடுத்ததில், கடும் கீமோவைத் தாங்க முடியாத முதியவர்களில் பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம் 9.6 மாதத்திலிருந்து 14.7 மாதமாக உயர்ந்தது என்று 2020ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. செல்லோ எம்சிஎல்-1 என்ற அடுத்த புரதத்தைப் பற்றிக்கொண்டு தப்புகிறது. இந்த மாத்திரையின் விலை பலருக்கு எட்டாதது. சில பூஞ்சைத் தடுப்பு மருந்துகள் ரத்தத்தில் அதன் அளவை உயர்த்திவிடும் என்பதால், அவற்றுடன் சேர்த்துக் குறைந்த அளவில் கொடுத்துச் செலவைக் குறைக்கும் முறையை நம் நாட்டு மருத்துவர்கள் கையாள்கிறார்கள். யாரும் தாமாகச் செய்து பார்க்கக்கூடாத காரியம் அது. மைலாய்டு வகையிலேயே புரோமைலோசைட்டிக் என்ற ஒரு பிரிவு முன்பு மிக விரைவில் உயிர் பறிப்பதாக இருந்து, இன்று மிக எளிதில் குணமாவதாக மாறியிருக்கிறது. அதற்கான முக்கிய மருந்துகளில் ஒன்று ஆர்சனிக் டிரையாக்சைடு, அதாவது நம் சித்தர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று அறிந்த பொருளின் தூய வடிவம். சீனாவின் ஹார்பின் நகரில் தொடங்கிய இந்தச் சிகிச்சையை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1998 முதல் ஆர்சனிக்கை மட்டுமே கொண்டு நடத்தி, ஏழைகளுக்கும் எட்டும் வழியாக உலகுக்குக் காட்டியது. இதைப் படித்துவிட்டு யாரும் பாஷாணம் தேடிப் போகவேண்டாம்.

கட்டுரை பாராட்டிய புதிய மருந்துகளுக்கும் இதே அளவுகோல்தான். நம் எதிர்ப்புச் செல்களைப் புற்றுச் செல்லோடு பிணைத்துவிடும் பிளினாட்டுமோமாப் மருந்தைச் சாதாரண ஆபத்துள்ள குழந்தைகளுக்குக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்ததில், மூன்று ஆண்டுகள் நோயின்றி இருந்தவர்கள் 87.9 சதவீதத்திலிருந்து 96 சதவீதமாக உயர்ந்தார்கள் என்ற முடிவு 2024ஆம் ஆண்டு இறுதியில் வெளியானது. மும்பை ஐஐடியும் டாட்டா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற, நோயாளியின் எதிர்ப்புச் செல்களையே மாற்றியமைத்துத் திருப்பிச் செலுத்தும் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் நம் நாட்டில் அனுமதி கிடைத்தது. மேலை நாடுகளில் கோடிகளில் இருக்கும் விலை இங்கே லட்சங்களுக்கு இறங்கியிருப்பது பெருமைக்குரியது. ஆனால் இவை குறிவைக்கும் சிடி19 என்ற அடையாளத்தைச் செல் உதறிவிட்டால் இவற்றிலிருந்தும் அது தப்பும். எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யவேண்டிய எம்ஆர்டி பரிசோதனையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. 10,000 செல்களில் ஒரு புற்றுச் செல் மிஞ்சியிருந்தாலும் காட்டிவிடும் சோதனை அது. முதல் மாத முடிவில் அதைச் செய்துவிட்டால், யாருக்குச் சிகிச்சையைக் கடுமையாக்க வேண்டும், யாரைத் தேவையில்லாமல் வதைக்க வேண்டாம் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

மாவட்ட நிர்வாகமும் சுகாதாரத் துறையும் கவனிக்கும் என்ற நம்பிக்கையில் இதைச் சொல்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வயிற்று வழி டயாலிசிஸ் பைகள்கூட வீட்டு வாசலுக்கு வருகின்றன. தொடர் சிகிச்சையிலிருக்கும் லுக்கீமியாக் குழந்தைகள் ஒரு மாவட்டத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. அவர்களின் மாத்திரைகளையும் அதே பையில் சேர்ப்பது பெரிய செலவு அன்று. வீட்டுக்கு வரும் ஊழியர் காலி அட்டைகளை எண்ணி, அந்த எண்ணிக்கையைச் சிகிச்சை தரும் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொன்னால், அளவைக் கூட்டுவதா என்று முடிவெடுக்கும் மருத்துவருக்கு அது ஆய்வக அறிக்கைக்கு இணையான தகவல். ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துகொள்ளலாம். எம்ஆர்டிக்கான மாதிரியைச் சேலத்திலேயே எடுத்து, அதைப் பார்க்கும் வசதியுள்ள ஆய்வகத்திற்கு உரிய நேரத்தில் அனுப்ப ஏற்பாடு வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைச் செலவைத் தாங்குகிறது. பேருந்துக் கட்டணத்தையும் போன நாளின் கூலியையும் அது தாங்குவதில்லை.

கடைசியாக, மருந்துக் கடை வைத்திருக்கும் என் தொழிலினருக்கு ஒரு வேண்டுகோள். காய்ச்சலும் மூட்டு வலியும் விடாமல் இருக்கும் குழந்தைக்கு டெக்சாமெத்தசோன், பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகளைச் சீட்டில்லாமல் கொடுக்காதீர்கள். அந்த வலிக்குக் காரணம் லுக்கீமியாவாக இருந்தால், ஸ்டீராய்டு அதைத் தற்காலிகமாக அடக்கி, நோயைக் கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும். சிகிச்சை தொடங்கும்போது ஏழு நாள் ஸ்டீராய்டு கொடுத்து, எட்டாம் நாளில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் புற்றுச் செல்கள் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பது பல சிகிச்சை முறைகளில் வழக்கம்; எந்தக் குழந்தையின் நோய் மருந்துக்கு அடங்காதது என்று முதன்முதலில் காட்டும் சோதனை அது. கடையில் வாங்கிய பத்து மாத்திரை அந்தச் சோதனையையே பொய்யாக்கிவிடும். நானும் பணியின் தொடக்க ஆண்டுகளில், தாய் கெஞ்சினார் என்பதற்காகச் சீட்டில்லாமல் அந்த மாத்திரைகளை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் யார், பிறகு என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.